பழுப்புப் போத்தலில் இருபது கிராம்

மச்சான்,

உன் மகள் போன கிழமை வந்தாள். கையில் ஒரு புடைவைக்கடைப் பை. பைக்குள் ஒரு பழைய துவாய், துவாய்க்குள் ஒரு பழுப்புக் கண்ணாடிப் போத்தல். "வாப்பாட அலுமாரியில இருந்திச்சு மாமா. எறிய மனம் வரல்ல. என்ன சாமான் எண்டு உங்களுக்குத்தான் தெரியும் எண்டு உம்மா சொன்னா" என்றாள். தேத்தண்ணீர் குடித்தாள், என் முழங்கால் நோவை விசாரித்தாள், போய்விட்டாள். எங்கள் ஆய்வுகூடத்துப் போத்தல், நீ எப்போது வீட்டுக்குக் கொண்டுபோனாயோ தெரியாது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. அந்த வெள்ளை உப்புக்கு என்றைக்கும் மணம் இருந்ததில்லை என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் துவாயில் நீ பூசும் அத்தர் மணந்தது. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று நினைப்பதும், ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிப்போடுவதுமாக இருந்தேன். பேனா சரியில்லை, கண்ணாடி சரியில்லை, மழை பெய்கிறது. உண்மையில் சரியில்லாதது நான்தான். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு. நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் துணிவு வரவில்லை. போனவனிடம் சொல்வது சுலபம் என்று நினைத்தேன், அதுவும் சுலபமாக இல்லை. இப்போது இந்தப் போத்தல் வந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது. இனிச் சாட்டுக்கு இடமில்லை.

வாவியைப் பார்த்தபடி நின்ற அந்தச் சின்ன மண் ஆய்வுகூடம் உனக்கு நினைவிருக்கும். சண்டை தொடங்கியதும் மற்றவர்கள் எல்லாரும் மாற்றம் வாங்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். நீ இரசாயனம், நான் நுண்ணங்கிகள். நீ காத்தான்குடியில் இருந்து சைக்கிளில் வருவாய். வழியில் மூன்று இராணுவக் காவல் சென்றி, மூன்றிலும் இறங்கி உருட்டவேண்டும். அந்த வருடங்களில் உன் முஸ்லிம் ஊருக்கும் எங்கள் தமிழ் ஊர்களுக்கும் நடுவே நடந்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே போய் அவனோடு உனக்கு என்ன வேலை என்று உன் ஆட்கள் உன்னைக் கேட்டார்கள். என் ஆட்கள் என்னைக் கேட்டார்கள். நான் பேச்சை மாற்றினேன். நீ சொன்ன பதில் ஊரெல்லாம் திரிந்து கடைசியில் என் காதுக்கும் வந்தது: "அவன்ட பற்றீரியாவுக்கு என்ட உலோகம் வேணும். மறுகா எப்படி விட்டுட்டு வாற?"

அது வெறும் பகிடி இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் தீராத சண்டை. மத்தியானத்துக்குப் பிறகு கரண்ட் போய்விடும். வேலை ஓடாது. யன்னலோரம் இரண்டு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நீ ஆரம்பிப்பாய். "உன்ட பற்றீரியா என்ட இரும்பு இல்லாட்டி என்ன? தண்ணி நிறைஞ்ச கொழுப்புப் பை." நான் விடமாட்டேன். உன் இரும்பு சும்மா கல்லாகக் கிடந்தது, அதற்கு ஒரு வேலை கொடுத்ததே என் ஆட்கள்தான் என்பேன்.

ஒருநாள் உனக்கு அந்த ஆதிக் கதையைச் சொன்னேன். முதல் உயிர்கள் வந்தபோது காற்றில் ஒட்சிசன் இல்லை. கடல் முழுவதும் இரும்பு கரைந்து கிடந்தது. கைக்கெட்டிய இரும்பை எடுத்து அவை தங்கள் நொதியங்களுக்குள் வைத்துக்கொண்டன, அதைக்கொண்டே வாழப் பழகின. பிறகு வெயிலைப் பிடித்துச் சாப்பாடு செய்யும் வித்தையை ஒரு கூட்டம் கற்றுக்கொண்டது. அந்தக் கூட்டம் கழிவாக வெளியே விட்டதுதான் ஒட்சிசன். அது கூடக் கூட, கடலின் இரும்பு துருப்பிடித்து அடியில் போய்ப் படிந்தது. இரும்பில்லாமல் வாழ முடியாத உயிர்களுக்கு இரும்புப் பஞ்சம் வந்தது.

நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். கேட்டுவிட்டு, "அப்ப உலகத்துல முதல் பொருளாதாரத் தடையைப் போட்டது உன்ட ஆக்கள்தான். அதுவும் தங்கட குப்பையால தங்களுக்கே போட்ட தடை" என்றாய். அந்தக் கரை போராளி இயக்கத்தின் கையில் இருந்ததால், குண்டு செய்வார்கள் என்று, யூரியாவும் பற்றரியும் வாவியைத் தாண்டத் தடை இருந்த காலம் அது. வெளியே சென்றியில் நின்றவன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

தடை வந்தால் உயிர் சும்மா இருக்குமா? இரும்பைப் பற்றிப் பிடிக்கும் சின்னஞ்சிறு பொருளொன்றைப் பற்றீரியா தானே செய்து வெளியே விடும். எங்கள் வாவியில் வீச்சுவலை எறிகிறவனைப் போலத்தான். இரும்பு அகப்பட்டதும் வலையைத் தன் வாசலால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்றவன் எறிந்த வலையைத் தன் வாசலால் இழுத்துக்கொள்ளும் கள்ளர்களும் உண்டு என்று நான் சொன்னபோது, "அது நம்மட திணைக்களக் கந்தோர்லயும் இரிக்கி" என்றாய். செம்பைப் பற்றியும் கேட்டாய். செம்பு வேலைக்காரன், ஆனால் பொல்லாதவன். கலத்துக்குள் அதைத் தனியே உலாவ விடமாட்டார்கள். உள்ளே வந்ததும் ஒரு புரதம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வேலைத்தலத்தில் விடும், மிஞ்சினால் வெளியே தள்ள ஒரு பம்பி இருக்கும். உலோகத்தை எடுக்கப் படித்தது பாதிக் கதைதான் மச்சான், அளவோடு வைத்திருக்கப் படித்தது மீதிப் பாதி என்றேன். நீ வாவியைப் பார்த்தபடி சொன்னாய்: "கொஞ்சம் இல்லாட்டிப் பட்டினி. கொஞ்சம் கூடினா மௌத்து."

அளவு என்றால் நீதான். உன் அலுமாரியில் இருந்த போத்தல் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். போத்தலில் இருந்து எதை எடுத்தாலும், எடுத்த அளவை நீ எழுதமாட்டாய். மூடியைப் பூட்டி, முழுப் போத்தலையும் தராசில் வைத்து, மிச்ச நிறையை அந்தத் தாளில் பொடி எழுத்தில் எழுதுவாய். ஏன் இந்தத் தலைகீழ் வேலை என்று கேட்டதற்கு, "எடுக்கிறவன் பொய் சொல்லுவான். மிச்சம் சொல்லாது" என்றாய். இதை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

சரி, என் அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அக்கா வாழ்க்கைப்பட்டது வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் படும் மேற்குக் கரையான படுவான்கரையில். மாடு தேடிப் போன அத்தான் திரும்பி வரவில்லை. ஊருக்கு வெளியே வட்டையில் இருந்த வயலுக்குப் போக வழியில்லை, பயம். வீட்டுக்குப் பின்னால் பல வருடம் தரிசாய்க் கிடந்த அரை ஏக்கர் மணல் மேட்டைக் கொத்திக் கச்சான் கடலை போட்டாள். இரண்டு மாரியும் விளைச்சல் இல்லாமல் பிழைத்துப் போயின. செடிகள் மஞ்சளாகிக் குறண்டிப்போய் நின்றன. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மருந்து யூரியா, அது வாவியைத் தாண்டாது. பட்டணத்தில் ஒரு ஏஜென்ற் அவளிடம் கடவுச்சீட்டுப் படம் கேட்டிருந்தார். ஒருநாள் அவள் என் வீட்டுக்கு வந்து, படத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்த மாரியும் கச்சான் பிழைச்சா நான் குவைத்துக்குப் போறன்டா. புள்ளையள் ரெண்டையும் நீ பாத்துக்க." மூத்தவளுக்கு எட்டு வயது. இளையவளுக்கு நாலு, தாயின் சீலைத் தலைப்பை விடாத பிள்ளை.

அவள் கொண்டுவந்த செடியின் வேரை நாங்கள் இருவரும் பார்த்தோம். கச்சான் வேரில் பற்றீரியா குடியிருக்கும் முடிச்சுகள் இருக்கவேண்டும். காற்றில் உள்ள நைதரசனை அவைதான் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். அவை வேலை செய்தால் யூரியாவே தேவையில்லை. இந்த வேரில் முடிச்சு நாலைந்துதான் இருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே சிவப்பாக இருக்கவேண்டும், இது வெளிறிக் கிடந்தது. மண்ணை நீ பார்த்தாய். இரண்டு நாளில் வந்து சொன்னாய்: "மச்சான், உன்ட ஆக்களும் காணாது, அவங்களுக்குச் சாப்பாடும் இல்ல. அந்த மணல்ல மொலிப்டினம் இல்ல."

நைதரசனைப் பிடிக்கும் நொதியத்தின் நடுவில் இரும்போடு மொலிப்டினமும் இருக்கவேண்டும். ஆதிக் கடலில் தேடித்தான் பிடிக்கவேண்டிய அந்த அரிய உலோகத்தில் போய் என் ஆட்கள் ஏன் ஆசை வைத்தார்கள் என்று நாங்கள் எத்தனை நாள் தர்க்கப்பட்டிருக்கிறோம். ஆசை வைத்துவிட்டார்கள், பிறகு விடவில்லை. தேவையோ ஒரு துளி. கிலோ விதைக்கு ஒரு கிராம் உப்புப் போதும் என்று நீ கணக்குப் போட்டாய். உப்பு எங்களிடம் இருந்தது, இந்தப் பழுப்புப் போத்தலில். ஆனால் அதன் பெயர் அமோனியம் மொலிப்டேற்று. அமோனியம் என்று எழுதியிருக்கும் எதையும் துறையில் நின்ற ஆமிக்காரன் தாண்ட விடமாட்டான், விடாததோடு எங்களையும் விடமாட்டான். நீ தலையைச் சொறிந்துகொண்டு நின்றாய். பிறகு உன் முகம் மலர்ந்தது. "போத்தல் போகாது. விதை போகும். விதையில வச்சி அனுப்புவம்."

இருபது கிலோ விதைக் கச்சான். உப்பைத் தண்ணீரில் கரைத்து விதையில் தடவி நிழலில் உலர்த்துவது, அதன்மேல் நான் வளர்த்த பற்றீரியாவைக் கரித்தூளிலும் சோற்றுக் கஞ்சியிலும் குழைத்துப் பூசுவது, இதுதான் ஏற்பாடு. அன்று வெள்ளிக்கிழமை. நீ இருபது கிராமை நிறுத்து ஒரு கண்ணாடித் தட்டில் வைத்தாய். போத்தலைத் தராசில் ஏற்றி மிச்சத்தை எழுதினாய். "ஜும்ஆவுக்குப் போய்ட்டு வாறன், மறுகா கரைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

இனி நான் சொல்லவேண்டியது இதுதான்.

நான் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது கிராம், ஒரு கைப்பிடிகூட இல்லை. இவ்வளவையா நம்பி அக்கா படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்? இளையவள் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்தது. அலுமாரியைத் திறந்தேன். இன்னும் இருபது கிராம் எடுத்தேன். தட்டில் இருந்ததோடு சேர்த்துத் தண்ணீரில் போட்டுக் கரைத்தேன். நீ வந்தபோது எல்லாம் கரைந்திருந்தது. "பொறுக்கேலாதா உனக்கு?" என்று சிரித்தாய்.

நான் நுண்ணங்கிக்காரன். கூடினால் கொல்லும் என்று உனக்குச் சொல்லித் தந்ததே நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் நான் நுண்ணங்கிக்காரனாக இருக்கவில்லை, தம்பியாக இருந்தேன். சோறு போடும்போது போதும் போதும் என்று சொல்லச் சொல்ல இன்னும் ஒரு அகப்பை வைக்கும் ஆட்கள் நாங்கள். பாசம் என்றால் கூடப் போடுவது என்றே வளர்ந்தவன், பற்றீரியாவுக்கும் அப்படியே போட்டேன்.

அடுத்த நாள் துறையில் ஏதோ பிரச்சினை. எங்கள் வாவியில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையைப் பாதை என்றுதானே சொல்வோம், அந்தப் பாதை ஐந்து நாள் ஓடவில்லை. பூசிய விதை சாக்கில் கிடந்தது. ஆறாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா விதைத்தாள். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. இருபத்தைந்து நாளில் நான் போனபோது இலை மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் வெள்ளையாக, வழவழவென்று, ஒரு முடிச்சும் இல்லாமல் இருந்தது. அக்கா வளவு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈரத்தாளில் சுற்றி அந்தச் செடியைக் கொண்டுவந்து உன் மேசையில் வைத்தேன். அன்று முழுவதும் நீ சாப்பிடவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டாய். மண்ணின் கணக்கு, விதையின் கணக்கு, உப்பின் கணக்கு. பிழை வரவில்லை. இன்னொரு தாள், இன்னும் ஒன்று. "எங்க பிழைச்ச மச்சான்? எங்க?" என்று என்னிடமே கேட்டாய். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. நாக்கு நுனிவரை வந்தது. என் சொந்த அக்காவின் பயிரை நானே கருக்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? பாதை ஐந்து நாள் நின்றதுதான் காரணமாக இருக்கும் என்று முனகினேன். நீ தலையை ஆட்டவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு உனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டேன். கோழை.

மறுநாள் காலை நீ வந்தபோது உன் முகம் தெளிந்திருந்தது. "பிழை என்ட" என்றாய். "உப்பையும் பற்றீரியாவையும் ஒரே விதையில வச்சது பிழை. அளவும் கூடிப் போச்சு. விதையோட போன உப்பு இனித் தாராளமா இரிக்கி. செத்தது உன்ட ஆக்கள்தான். திரும்ப வளத்தெடு, மண்ணோட கலந்து வேரடியில ஊத்துவம். நான் வாறன். அக்காட்ட நானே சொல்லுறன்."

காத்தான்குடிக்காரன் ஒருவன் அந்த நாளில் படுவான்கரைக்குப் போவது என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. நீ வரவேண்டாம், நான் கொண்டுபோகிறேன் என்று கெஞ்சினேன். நீ தாள்களை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "பிழை செஞ்ச ஆள் நேர போகணும் மச்சான். அனுப்பி வைக்கக் கூடாது." நான் பற்றீரியா வளர்க்கும் போத்தல்களைக் கழுவப் போனேன்.

பத்து நாள் கழித்து ஒரு பிஸ்கட் தகரப் பேணி நிறையப் பற்றீரியா கலந்த கரிமண்ணோடு துறைக்குப் போனோம். ஆமிக்காரன் பேணியைத் திறந்தான். "மண்? அந்தப் பக்கம் மண் இல்லையா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். நீ கொஞ்சமும் கலங்கவில்லை. "இரிக்கி ஐயா. ஆனா அந்த மண்ணுக்குச் சீக்கு. இது மருந்து, கச்சானுக்கு." அவன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான், மணந்தான். "ரட்டகஜு?" என்று சிங்களத்தில் கேட்டுக் கையால் செடியின் உயரத்தைக் காட்டினான். ஓம் என்றோம். அவன் வீட்டிலும் யாரோ கச்சான் போடுகிறார்கள் போல. பேணியை மூடி, மெதுவாகத்தான் உன் கையில் தந்தான். அந்தக் கரையில் இயக்கத்துக் காவலில் நின்றவர் உன் பெயரைக் கேட்டார். நீ உன் முழுப் பெயரையும் வாப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னாய். அந்த நாளில் அந்தக் கரையில் ஒரு முஸ்லிம் பெயர் ஒன்றே போதும், ஆளை விடமாட்டார்கள். அவர் உன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி விட்டார்.

அக்கா வாசலுக்கு வந்து, "வாங்க தம்பி, இரிங்க" என்றாள். நீ திண்ணையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாய்.

"அக்கா, உங்கட கச்சான் மஞ்சளாப் போனது என்ட கையால. அளவு பிழைச்சிட்டு. இவன்ட பிழை ஒண்டும் இல்ல."

நான் பக்கத்தில்தான் நின்றேன். கிணற்றடி வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா உன்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எத்தினயோ பேர் இந்த வாசலுக்கு வந்திரிக்காங்க தம்பி. எங்களுக்குச் செஞ்ச பிழைய ஒத்துக்கிட்டு ஒருத்தரும் வந்ததில்ல. நீங்கதான் வந்திரிக்கிங்க. தேத்தண்ணி குடிங்க. பொறவு என்ன செய்யிற எண்டு சொல்லுங்க."

வெயில் தாழ்ந்ததும் நாலு வாளியில் கரிமண்ணைக் கரைத்தோம். அக்கா ஒரு வரிசை, மூத்தவள் ஒரு வரிசை, நீ சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வரிசை. இளையவள் ஒரு சிரட்டையில் கொண்டுவந்து ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப ஊற்றினாள். நீ அவளிடம் குந்தியிருந்து, "போதும் மகள், அது குடிச்சிட்டு. மத்ததுக்கும் பசிக்கும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அசர் தொழ அக்கா ஒரு புதுப் பாய் எடுத்துத் தந்தாள். மேற்கு எது என்று காட்ட நான் கையை நீட்டினேன். "படுவான்கரைக்கி வந்து மேற்கு கேக்கிறதா?" என்று சிரித்துக்கொண்டு, சூரியன் இறங்கும் பக்கத்துக்குச் சற்றே வடக்காகத் திரும்பி நின்றாய்.

மூன்று கிழமைக்குப் பிறகு பாதையில் வந்த ஒருவரிடம் அக்கா வாழையிலையில் சுற்றி ஒரு செடி அனுப்பியிருந்தாள். வேர் முழுக்க முடிச்சு. ஒன்றை அவளே நகத்தால் கீறிப் பார்த்திருந்தாள். அவள் சொல்லி அனுப்பிய சேதி இதுதான்: "உள்ளுக்கு ரத்தம் மாதிரி இரிக்கி எண்டு தம்பிக்கிட்டச் சொல்லுங்க." நீ அந்த முடிச்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "உன்ட ஆக்களும் என்ட ஆக்களும் ஒத்துப் போய்ட்டாங்க மச்சான்" என்றாய். உனக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். முழு விளைச்சல் வரவில்லை, பாதிக்குக் கொஞ்சம் கூட வந்தது. அது போதுமாக இருந்தது. அக்கா குவைத்துக்குப் போகவில்லை. அந்தப் படம் இன்னமும் அவளுடைய தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது. இளையவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் கச்சான் உன் வீட்டுக்குத்தான் வந்தது. அக்கா உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "பிழைய ஒத்துக்கிட்ட மனிசன்" என்பாள். நான் கச்சானை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டுவேன். எத்தனை தடவை உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன் தெரியுமா? உன் மகளின் கலியாணத்தில், நீ ஹஜ்ஜுக்குப் போகுமுன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்த அன்று, கடைசியாக ஆஸ்பத்திரியில். ஹஜ்ஜுக்கு முன் வந்தவன் என் கையைப் பிடித்து, "நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிக்க" என்றாய். மன்னிக்கவேண்டியவன் நீயாக இருக்க, நான் பெரிய மனிதனைப் போலத் தோளில் தட்டி அனுப்பினேன்.

இப்போது இன்னும் என்னென்னவோ கண்டுபிடித்திருக்கிறார்கள் மச்சான். ஆதிக் கடலில் மொலிப்டினம் கொஞ்சமே இருந்த காலத்திலேயே என் ஆட்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அது தாராளமாக வந்தது பின்னால்தான், ஒட்சிசன் கூடிப் பாறைகள் கரைந்த பிறகு. தாராளம் வருமுன்பே இல்லாமையில் பழகிக்கொண்டார்கள். இதை வாசித்த அன்று உனக்கு ஃபோன் எடுக்கக் கை போனது. நீ போய் அப்போது ஒரு மாதம்.

இவ்வளவையும் எழுதியபின் ஒரு சந்தேகம். இருபது கிராம் என்று எழுதிவிட்டேனே, சரிதானா? பாவத்தை ஒத்துக்கொள்வது என்றால் அளவையாவது சரியாகச் சொல்லவேண்டும், அதுவும் உன்னிடம். பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மஞ்சளடித்துப்போன தாளில் உன் பொடி எழுத்தை முதன்முறையாக வரி வரியாக வாசித்தேன்.

438.5 என்று ஒரு வரி. அதன் கீழே 418.5. அது நீ ஜும்ஆவுக்குப் போகுமுன் எழுதியது, நான் பார்த்துக்கொண்டிருக்க எழுதியது. அதற்குக் கீழே 398.5. அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சொல் எழுதியிருக்கிறாய். "அக்காக்கு."

அப்படியானால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிய அந்தப் பின்னேரம், மூன்று தாளிலும் பிழை அகப்படாமல், நீ எழுந்து அலுமாரியைத் திறந்திருக்கிறாய். போத்தலைத் தராசில் வைத்திருக்கிறாய். இருபது கிராம் எங்கே போனது என்று உனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். நீ கேள்விக்குறி போடவில்லை. களவு என்று எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. யாருக்காக எடுக்கப்பட்டதோ அவளுக்கே அதை எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலை வந்து, பிழை என்ட என்றாய். அந்தத் துறையைத் தாண்டி, அந்தப் பெயரைச் சொல்லி, அந்த வாசலில் நின்றாய். பிழை செஞ்ச ஆள் நேர போகணும் என்று நீ சொன்னது எனக்குத் திறந்துவிட்ட வாசல் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நான் நுழையவில்லை. நீ எனக்காக நுழைந்தாய். இத்தனை வருடமும் நான் உன்னிடம் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறைத்து வைத்தது நீதான்.

அழுதேன் மச்சான். இந்த வயதில் நன்றாகத்தான் அழுதேன்.

அக்காவுக்கு ஃபோன் எடுத்து, நாளைக் காலை வருகிறேன் என்று சொன்னேன். ஏன் திடீரென்று என்று கேட்டாள். ஒரு விஷயம் நேரில் சொல்லவேண்டும் என்றேன். இப்போது பாதை இல்லை, பாலம் இருக்கிறது. சென்றி இல்லை, பெயர் கேட்க ஆளில்லை. ஆனாலும் அன்றைவிட இன்றைக்குத்தான் தாண்டப் பயம்.

போத்தலை உன் துவாயிலேயே சுற்றி வைத்திருக்கிறேன். சுற்றுமுன் கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் என் கையால் ஒரு வரி எழுதினேன்: "எடுத்தது நான்." நாளை அவளிடம் அதைக் காட்டுவேன். அவள் என்ன சொல்வாளோ தெரியாது. நான் இருக்கமாட்டேன், நின்றபடியே சொல்வேன்.